குளிர் வருமுன் காரின் பற்றரியைச் சோதித்துப் பாருங்கள்

சைபருக்குக் கீழே 20 பாகை. காலை ஆறு மணி வேலைக்கு ஐந்து மணிக்கே இறங்கி, கார்க் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிவிட்டுத் திறப்பைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும். ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ பல வருடம் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. அன்றைய சம்பளம் போய்விடும். சில வேலைத்தளங்களில் வேலையே கேள்விக்குறியாகிவிடும்.

குளிர்தான் பற்றரியைக் கொன்றது என்று எல்லோரும் சொல்வோம். உண்மையில் பாதிக் கொலை கோடையிலேயே நடந்து முடிந்திருக்கும். காரின் பற்றரிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும். உள்ளே ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும். வெப்பம் கூடும்போது தகடுகள் வேகமாக அரிக்கப்படும், நீரும் வற்றும். அந்தச் சேதம் கோடையில் வெளியே தெரியாது. குளிரில் இரசாயன மாற்றம் மந்தமாவதால் பற்றரியின் வலு குறைகிறது. என்ஜின் ஒயிலும் தடித்துப்போவதால் ஸ்ரார்ட்டர் வழமையைவிடக் கூடுதலாக மின் கேட்கிறது. அப்போதுதான் பழைய பற்றரியின் குட்டு வெளிப்படும்.

எம்மவர் பலரின் ஓட்டமும் இதற்கு உதவி செய்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஐந்து நிமிடம், கடைக்குப் பத்து நிமிடம். அதற்குள் ஹீற்றர், இருக்கைச் சூடு, பின்கண்ணாடிச் சூடு எல்லாம் ஓடும். ஸ்ரார்ட் பண்ணச் செலவான மின் திரும்பி ஏற நேரம் கிடைப்பதில்லை. குறைச் சார்ஜில் நாட்கணக்காகக் கிடக்கும் பற்றரியின் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய நிலைக்கு வராது.

நான்கு, ஐந்து வருடம் கடந்த பற்றரி என்றால் ஒக்ரோபரிலேயே சோதியுங்கள். ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். முந்தின இரவு நிறுத்திய காரைக் காலையில் ஸ்ரார்ட் பண்ணாமல், மீற்றரின் சிவப்பு முனையை + இலும் கறுப்பை − இலும் வையுங்கள். 12.6 வோல்ற் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் அரைவாசி. 12.0 என்றால் அநேகமாக வெறுமை. பிறகு ஒருவர் ஸ்ரார்ட் பண்ணும்போது மீற்றரைப் பாருங்கள். முழுச் சார்ஜில் உள்ள நல்ல பற்றரி, மிதமான காலநிலையில் 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்கக்கூடாது. கடைசியாக என்ஜின் ஓடும்போது பாருங்கள். பொதுவாக 13.7க்கும் 14.7க்கும் இடையில் நிற்க வேண்டும். 13ஐக்கூட எட்டவில்லையென்றால் பற்றரியைவிட ஓல்டர்னேற்றர் மீதே எனக்குச் சந்தேகம் வரும். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் ஒரு அளவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

இந்த மூன்று அளவையும் எடுக்காமல் நான் காசைக் கொட்டியிருக்கிறேன். ஒரே குளிர்காலத்தில் இரண்டு பற்றரி மாற்றினேன். கறாச்சில் ஒருவரும் மீற்றரைத் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் பார்த்தால், பற்றரியின் − முனையிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் கேபிளின் ஆணி தளர்ந்து துருப்பிடித்திருந்தது. ஆணியைக் கழற்றிச் சுரண்டி இறுக்கியதோடு பிரச்சினை முடிந்தது. போர்க்காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோ சுற்றி வானொலி கேட்ட ஊரில் இருந்து வந்தவனுக்கு இது ஒரு வெட்கம்தான்.

வோல்ற் சரியாக இருந்தும் வலு இல்லாத பற்றரிகள் உண்டு. பற்றரியின் மேலே சிசிஏ என்று ஒரு எண் இருக்கும். சைபருக்குக் கீழே 18 பாகையில், 7.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்காமல் 30 செக்கன் எத்தனை அம்பியர் தரமுடியும் என்பதே அந்த எண். கனடாவில் உதிரிப்பாகக் கடைகள் பலவற்றில் கையடக்கக் கருவியால் இதை அளந்து சொல்வார்கள். முழுச் சார்ஜுக்குப் பிறகு அளந்தும் அந்த எண்ணைவிட வெகுவாகக் குறைவாக வந்தால் மாற்றத்தான் வேண்டும். புதுப் பற்றரி இரண்டு நாளில் இறங்கினால் எங்கோ மின் கசிகிறது. டிக்கி விளக்கு, இரவும் ஓடும் டாஷ் கமரா இரண்டையும் முதலில் பாருங்கள்.

வாங்கும்போது பழையதன் அளவுக் குறியீடும் + முனை எந்தப் பக்கம் என்பதும் பொருந்த வேண்டும். சிசிஏ குறையக்கூடாது. சிக்னலில் தானாக என்ஜின் நிற்கும் காருக்கு ஏஜிஎம் வகை போட்டிருந்தால் அதே வகைதான் போடவேண்டும். மலிவாக இருக்கிறதே என்று சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரம் போய்விடும். சில ஐரோப்பியக் கார்களில் பற்றரி மாற்றியதைக் கணினியில் பதிவும் செய்ய வேண்டும்.

நீங்களே மாற்றுவதென்றால் மோதிரம், காப்பைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது − கேபிள் முதலில், பூட்டும்போது அது கடைசியில். இதில் பிசகினால் + முனையில் இருக்கும் ஸ்பானர் காரின் உடம்பில் தட்டித் தீப்பொறி பறக்கும். முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவித் துடையுங்கள். பற்றரியைப் பிடித்திருக்கும் இறுக்கியையும் மறக்காமல் பூட்டுங்கள். அதிர்ச்சியில் தகடுகள் உடையும். பழைய பற்றரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுங்கள். வாங்கும்போது வைப்புப் பணம் எடுத்திருந்தால் அதுவும் திரும்பக் கிடைக்கும்.

சார்ஜ் முற்றாக இறங்கிய பற்றரி கடுங்குளிரில் உறைந்துவிடும். பக்கங்கள் ஊதியிருந்தாலோ உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ ஜம்ப் கேபிள் போடவே வேண்டாம், வெடிக்கலாம். மற்றபடி போடுவதானால் சிவப்புக் கேபிளை இறந்த பற்றரியின் + இல் தொடங்கி நல்லதன் + இலும், கறுப்பை நல்லதன் − இலும் மாட்டுங்கள். கறுப்பின் மறுமுனை இறந்த பற்றரியில் அல்ல, அந்தக் காரின் என்ஜினில் வர்ணம் பூசாத இரும்பில், பற்றரிக்குச் சற்றுத் தள்ளி.