305-க்கும் 309-க்கும் இடையில்: தற்கொலைத் தடுப்பின் சட்ட வரலாறு

1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இரு பிரிவுகளை அருகருகே வைத்துப் படித்தால் ஒரு முரண் புலப்படும். 18 வயது நிரம்பாதவரைத் தற்கொலைக்குத் தூண்டுவோருக்கு மரண தண்டனை வரை விதிக்க இடமளித்தது பிரிவு 305. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை வெறுங்காவல் தண்டனை விதிக்க வழிசெய்தது பிரிவு 309. அதாவது, பிறர் தூண்டுதலால் இறந்துபோன சிறார் சட்டத்தின் பரிவுக்கு உரியவர். பிழைத்துக்கொண்ட அதே சிறார் குற்றம் புரிந்தவர். அச்சட்டத்தின்படி 12 வயதைக் கடந்தவர் தம் செயலுக்கு முழுப் பொறுப்பாளி. பின்னாளில் வந்த சிறார் நீதிச் சட்டங்கள் சிறைவாசத்தைத் தவிர்த்தபோதிலும், செயல் குற்றமாகவே நீடித்தது.

ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து வந்த இக்கருத்தை இங்கிலாந்து 1961-இல் கைவிட்டது. விடுதலை பெற்ற இந்தியா கைவிடவில்லை. அதன் விளைவை நீதிமன்றங்களைவிட மருத்துவமனைகளே மிகுதியாகக் கண்டன. காவல்துறைக்குத் தகவல் போகும் என்ற அச்சத்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பெற்றோர் நடந்ததை விபத்து என்றே சொன்னார்கள். உடலுக்குச் சிகிச்சை கிடைத்தது, உள்ளத்திற்குக் கிடைக்கவில்லை. முன்பு ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயலும் அபாயம் மிகுதி என்பதை எண்ணினால், இந்த மௌனத்தின் விலை விளங்கும்.

பிரிவு 309-ஐ நீக்குமாறு சட்ட ஆணையத்தின் 42-ஆவது அறிக்கை 1971-இல் பரிந்துரைத்தது. அதற்கான திருத்த மசோதா 1978-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை கலைக்கப்பட்டதால் காலாவதியானது. 1985-இல் ஓர் இளைஞரின் வழக்கை விசாரித்த தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ராஜிந்தர் சச்சார், ஒரு பிள்ளையை அந்நிலைக்குத் தள்ளிய சமூகம் வெட்கித் தலைகுனிய வேண்டியிருக்க, அவனையே குற்றவாளியாக்குகிறதே என்று கடிந்தார்.

அக்கேள்வி நெடுநாள் நிலைக்கவில்லை. 1994-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பிரிவு 309 செல்லாது என்றது. 1996-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிச் செல்லும் என்றது. இவ்விரு தீர்ப்புகளிலும் விவாதத்தின் மையம், வாழும் உரிமைக்குள் இறக்கும் உரிமையும் அடங்குமா என்பதே. துயருற்றவருக்குச் சமூகம் எதைக் கடன்பட்டிருக்கிறது என்ற வினா பின்னுக்குப் போனது. 2008-இல் சட்ட ஆணையத்தின் 210-ஆவது அறிக்கை அதை மீட்டெடுத்தது. 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 115, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதப்பட வேண்டும் என்றது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்கியது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 309 இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் பிரிவு 226-இல் குற்றமாக எஞ்சியுள்ளது.

தண்டனை அகன்றதால் மட்டும் தடுப்பு நிகழ்ந்துவிடாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். அவர்களுள் மாணவர்கள் 13,044 பேர். அவ்வாண்டு அக்டோபரில் டெலி-மானஸ் உதவி எண் தொடங்கப்பட்டது. நவம்பரில் தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி வெளியானது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவரைப் பிரித்து அமர்த்தக்கூடாது. ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி அளிக்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

இவற்றுள் இரண்டாவது தனித்துக் கவனிக்கத்தக்கது. அது துயருற்ற மாணவரை மட்டுமன்றி, துயரை விளைக்கும் ஏற்பாட்டையும் திருத்த முனைகிறது. இதற்கு முன்மாதிரி உண்டு. 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா போன்ற அமைப்புகள் வலியுறுத்திய துணைத்தேர்வு முறை தமிழ்நாட்டில் வந்தபின், பொதுத்தேர்வில் தோல்வியுற்றவர் ஓராண்டை இழக்க வேண்டிய நிலை மாறியது. தேர்வு அதேதான், தோல்வியின் விலை மட்டும் குறைந்தது.

ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிழைத்து வந்த பிள்ளையிடம் முதல் கேள்வி கேட்கும் அதிகாரம் காவல் நிலையத்திடம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் ஆசிரியரும் விடுதிக் காப்பாளரும் ஆய்வு நெறியாளரும் உடன் பயில்வோருமே. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் அவ்வெண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்ற அச்சத்திற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. பரிவோடு கேட்பதும், குறுக்கிடாமல் செவிமடுப்பதும், தனியே விடாமல் உதவியிடம் கொண்டுசேர்ப்பதுமே அவர்களிடம் எதிர்பார்க்கப்படும் பணி. டெலி-மானஸ் உதவி எண் 14416. நாளின் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.