கட்டம் கட்டமாய் வந்த தமிழ்

2000-ஆம் ஆண்டு வாக்கில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது பெரும்பாலும் தமிழாக இருக்காது. சதுரக் கட்டங்கள் வரும், இல்லையென்றால் கேள்விக்குறிகள் வரும். அதுவும் இல்லையென்றால் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். பக்கத்தின் மூலையில் "எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு சுட்டி இருக்கும். அதை இறக்கி, கண்ட்ரோல் பேனலில் ஃபாண்ட்ஸ் அடைவில் போட்டு, உலாவியை மூடித் திறப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். அடுத்த தளத்துக்குப் போனால் அங்கே வேறு எழுத்துரு!

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த வடிவத்தை வரைவது என்பதை எழுத்துரு சொல்கிறது. ஆகவே ஆங்கில எஃப் இருக்க வேண்டிய இடத்தில் 'க' படத்தை வரைந்து வைத்துவிட்டால், கம்ப்யூட்டர் எஃப் என்று நினைத்துக்கொண்டே 'க' காட்டும். ஈழத்தமிழர்களிடம் வெகுவாகப் பரவிய பாமினி எழுத்துரு இப்படிப்பட்டதுதான். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை வரிசை அப்படியே அதில் இருந்ததால் தட்டச்சுப் படித்தவர்களுக்கு மிகவும் வசதி. ஆனால் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும்.

இதை ஏமாற்று வேலை என்று இன்று சிரிப்பது சுலபம். அன்றைக்கு வேறு வழி இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985-இலேயே தொடங்கிவிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் இணையத்தில் தமிழை ஏற்றினார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாகவே கொடுத்தார். மேல்நாட்டு நிறுவனங்கள் தமிழைப் பற்றி யோசிக்கட்டும் என்று இவர்கள் காத்திருந்தால் இன்னும் பத்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். வினை என்னவென்றால், ஒவ்வொருவரும் தமக்குச் சரியாகப்பட்ட இடத்தில் எழுத்துகளை வைத்தார்கள். ஒருவர் வீட்டில் அழகாகத் தெரிந்த கடிதம் அடுத்தவர் வீட்டில் கட்டமாகப் போய் இறங்கியது.

ஆகவே பொதுத் தரம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே மல்லுக்கட்டி திஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும் ஒரு விசைப்பலகையையும் அறிவித்தது. ஆக, ஒரு தரம் தேடிப் போன இடத்தில் மூன்று கிடைத்தன :-)

திஸ்கி ஆங்கிலத்தின் இடத்தைத் தொடவில்லை. 128-க்கு மேலே இருந்த இடங்களில் தமிழை வைத்தது. ஒரே மடலில் ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுத முடிந்தது, பெரிய வசதி. ஆனால் அந்த மேல் இடங்கள் காலியாக இருந்தவை அல்ல. 'ட' இருந்த இடம் கால் என்ற பின்னக்குறிக்கு, 'ண' அரைக்கு, 'த' முக்காலுக்கு. எழுத்துரு இல்லாதவர் கண்ணுக்குத் தமிழ்க் கடிதம் வாய்ப்பாடு மாதிரி இருக்கும். 'இ' பாவம், அதற்குக் கிடைத்தது வரி முறியும்போது மட்டும் தெரியும் மறை இணைப்புக்கோட்டின் இடம். அதனால் சில மென்பொருள்களில் 'இ' காணாமலே போய்விடும். இலங்கை 'லங்கை' ஆகும், இணையம் 'ணையம்' ஆகும். 1.7 பதிப்பில் இகரத்துக்கு வேறு இடமும் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

யுனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தது. இருந்தும் உடனே பயன்படவில்லை. காரணம் கொம்பு. 'கெ' என்று எழுதும்போது கை முதலில் கொம்பைத்தான் போடுகிறது, யுனிகோடோ 'க'வை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் சேமிக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வரைவது கம்ப்யூட்டரின் வேலை. விண்டோஸ் 98-க்குத் தானாக அது வராது. 2001-இல் வந்த எக்ஸ்பிக்குத் தெரியும், ஆனால் பல கம்ப்யூட்டர்களில் "சிக்கலான எழுத்துமுறை" என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். டிக் போட்டால் சிடி கேட்கும். பிரவுசிங் சென்டரில் சிடிக்கு எங்கே போவது? ஃபயர்ஃபாக்ஸில் இன்னொரு தலைவலி, பத்தியின் இரண்டு ஓரமும் நேராக வரும்படி அமைத்திருந்தால் உயிர்மெய் எல்லாம் உடைந்து தனித்தனியாகச் சிதறும். 2008-இல் மூன்றாம் பதிப்பு வந்துதான் அது தீர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஜனங்கள் ஏன் விடாமல் தட்டினார்கள் என்பதுதான் ஆச்சரியம். முகுந்தின் எ-கலப்பையை நிறுவி, ஆல்ட் விசையோடு ஒரு எண்ணை அழுத்தி, ஆங்கிலத்தில் அம்மா என்று தட்டும்போது திரையில் 'அம்மா' என்றே எழுந்து வந்ததைப் பார்த்தவர்களுக்கு அதற்கு விடை தெரியும். இசட் தட்டினால் 'ழ' வரும். சொல்லின் முதலில் என் தட்டினால் தானாகவே 'ந' ஆகும். இலக்கணம் தெரிந்த விசைப்பலகை! அதே போல கைபேசியில் ஓபரா மினி. அமைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை 'ஆம்' என்று மாற்றினால் எழுத்துருவே இல்லாத கைபேசியிலும் தமிழ் தெரிந்தது. தமிழைப் படமாக மாற்றி அனுப்பினார்கள், அவ்வளவுதான். எப்படி வந்தால் என்ன, பேருந்தில் போகும்போது படிக்க முடிந்ததே.

தமிழக அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டு சமயத்தில், யுனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்குள் கட்டங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தன. ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து வருடங்களில் எழுதியவை என்ன ஆகின? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பிழைத்தது, தன்னார்வலர்கள் தட்டிய இலக்கியங்களை யுனிகோடுக்கு மாற்றி வைத்தார்கள். சுரதாவின் பொங்குதமிழ் செயலியில் பழைய எழுத்தை ஒட்டினால் இன்ன எழுத்துரு என்று தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட செயலிகளைச் சம்பளம் வாங்காமல் எழுதியவர்கள் காப்பாற்றிய பக்கங்களுக்குக் கணக்கே இல்லை. தரங்களை அறிவித்த ஆணைகளை விட இவைதான் அதிகம் காப்பாற்றின என்று தாராளமாகச் சொல்லலாம்.

செயலிக்கும் ஒரு தகவல் தேவை: இது எந்த எழுத்துரு? ஒரு நிறுவனம் தனக்கென்று வைத்திருந்த எழுத்துரு என்றால், நிறுவனத்தோடு அதுவும் போயிருக்கும். அச்சகங்களின் பழைய கோப்புகளிலும், அலுவலகங்களில் வானவில்லில் தட்டிய கடிதங்களிலும், யாரோ மகனுக்கு அனுப்பிய மின்னஞ்சலிலும் இப்போது இருப்பது வெறும் எண்கள். பாமினி பரவாயில்லை. வருடக்கணக்கில் அதில் தட்டியவர்களின் விரல்களுக்கு விசைகள் மனப்பாடம். ஜே, கே, பி, ஓ என்று பார்த்ததும் எழுத்துரு இல்லாமலே வாய் 'தமிழ்' என்று படித்துவிடும்.