மை சிந்தாமல் பேனா நிரப்பிய கதை

ஊற்றுப்பேனாவின் வரலாற்றில் பாதி, விரலில் மை படாமல் தப்பிக்க நடந்த முயற்சிதான். 1884ல் நியூயார்க்கின் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாவில் நிப்புக்கு மை சீராக இறங்கியது. ஆனால் நிரப்புவதற்கு? நிப்புப் பகுதியைக் கழற்றி, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் மேசை, சட்டை எல்லாம் மைதான்!

அயோவா மாநில நகை வியாபாரி வால்டர் ஷீஃபர் இதற்கு நெம்புகோல் கண்டு 1908ல் காப்புரிமை பெற்றார். நெம்பினால் உள்ளிருக்கும் ரப்பர் பை நசுங்கும். விட்டால் மையை உறிஞ்சும். அப்போதும் நிப்பைப் புட்டியில் முக்கியே ஆகவேண்டும், துடைக்கத் துணியும் வேண்டும்.

1950களில் பிளாஸ்டிக் மைக்குப்பிகள் பரவின. தீர்ந்ததும் எறியவே செய்யப்பட்டவை. சிக்கனக்காரர்கள் விடுவார்களா? கழுவி, சிரிஞ்சால் மறுபடி நிரப்புகிறார்கள். ஊசி அடிவரை போவதால் காற்று மேலே வெளியேறிவிடும், மை பொங்காது.