இடியன் துவக்கும் அதன் அளவும்

மட்டக்களப்பிலே துப்பாக்கியைத் துவக்கு என்பர். துப்பாக்கி, துவக்கு ஆகிய இரு சொற்களும் துருக்கிய மொழிச் சொல்லொன்றின் வழியாகத் தமிழுக்கு வந்தவை. ஆனால், குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, அதன்மேற் குண்டை இட்டு, இருப்புக் கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுகின்ற பழைய துவக்குக்கு நம் நாட்டு உழவன் இட்ட பெயர் எவரிடமும் இரவல் பெற்றதன்று. அதனை அவன் இடியன் என்றான். இடிபோன்ற ஓசையைக் கருதி இப்பெயர் வந்ததுபோலத் தோன்றலாம். மருந்தை இடிக்கின்ற செயலைச் சுட்டியே வந்தது என்று கொள்வது பொருத்தம் என்பது என் எண்ணம். ஏனெனில், அந்த இடித்தலிலேதான் அத்துவக்கின் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நேயர்களே, மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காக ஏறக்குறைய 35 மைல் நீண்டு கிடப்பது. கடலை அடுத்த கீழ்க்கரை எழுவான்கரை. மேற்கே, ஞாயிறு மறையும் பக்கம், படுவான்கரை. படுவான்கரையின் வயல்வெளிகளை வட்டைகள் என்பர். அவ்வட்டைகளுக்கு அப்பால் அக்காலத்திலே காடு. காட்டிலே மானும் மரையும் பன்றியும் யானையும். நெல் குடலை தள்ளும் நாள் முதலாகக் கதிர் முற்றிக் களத்துக்கு வரும்வரை உழவனுக்கு இரவில் உறக்கமில்லை. பரணில் ஏறியிருந்து கூவுவான்; தகரத்தைத் தட்டுவான்; தீப்பந்தம் காட்டுவான். இவையெல்லாம் பலியாதபோது இடியனை எடுப்பான். ஒரே இரவிற் பன்றிக் கூட்டம் உழக்கிய வயலைக் கண்டவர்கள், இதனை வெறும் வேட்டை விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள். ஆகவே எத்தகைய துவக்கு நல்லது, அதற்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு ஈயம் என்ற கேள்விகள் அவனுக்குச் சோற்றுக் கேள்விகளாகவே இருந்தன.

வெடிமருந்துப் படைக்கலம் நமது தீவில் வேரூன்றியது 16ஆம் நூற்றாண்டிலே, போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னர். வந்த கருவியைக் கண்டு மருண்டதோடு நம்மவர் நின்றுவிடவில்லை. சிங்களக் கொல்லர் விரைவிலேயே அதனைச் செய்யக் கற்று, தமக்கென ஒரு வகையையும் அமைத்துக்கொண்டனர். ஐரோப்பியத் துவக்குகளில் வலப்பக்கம் இருக்கும் பொறி, அவர்கள் செய்தவற்றில் இடப்பக்கம் இருக்கும். யானைத் தந்தமும் வெள்ளியும் பதித்த அத்துவக்குகள் இன்று மேனாட்டு நூதனசாலைகளிற் காட்சிப் பொருள்களாக உள்ளன. மட்டக்களப்பிலே போர்த்துக்கேயர் 1628 இல் கோட்டை அமைத்தனர். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் கண்டியரசனின் துணையோடு அதனைக் கைப்பற்றினர். வடக்கே கொட்டியாரக் குடாவில் 1660 இற் சிறைப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தமது நூலிலே, கண்டிப் படையினரின் கருவிகளுள் வில்லோடும் அம்போடும் துவக்கையும் சேர்த்தே சொல்லுகிறார். போர்க்களத்திலிருந்து அது காட்டுக்கும், காட்டிலிருந்து வயற்பரணுக்கும் சென்ற வழியை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

துவக்கைத் தெரிவு செய்வதில் முதலிற் பார்க்கவேண்டியது அது நெருப்பு வாங்கும் முறை. தொடக்கத்தில் எரியும் திரியினால் மருந்தைப் பற்றவைத்தனர். பின்னர்ச் சக்கிமுக்கிக் கல்லை எஃகில் மோதிப் பொறி எழுப்பினர். இரண்டிலும் சிறிதளவு மருந்து குழலுக்கு வெளியே ஒரு சிறு கிண்ணத்திற் கிடக்கவேண்டும். இங்கேதான் நமது பருவம் குறுக்கிட்டது. பெரும்போக நெல் வளர்ந்து காவலுக்கு வருங்காலம், வடகீழ்ப் பருவப் பெயற்காற்று மழை கொட்டுங்காலம். வெளியே கிடக்கும் மருந்து நனைந்தால் துவக்கு வெறுங்கம்பிதான். இக்குறையைத் தீர்த்தவர் ஒரு பாதிரியார். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்சித் என்பவர் வாத்து வேட்டையில் விருப்பமுடையவர். கிண்ணத்து மருந்து பளிச்சிட்டவுடனே வாத்துகள் நீருள் அமிழ்ந்து தப்பிவிடுவதைக் கண்டு, அடித்தால் வெடிக்கின்ற மருந்தைப் பயன்படுத்தும் பொறியொன்றை அமைத்து 1807 இல் உரிமை பெற்றார். அதன் வழியாகச் செப்பினாலான சிறு கேப்பு பிறந்தது. துவக்கின் குதிரை அதன்மீது விழுந்ததும் நெருப்பு உள்ளே பாயும். மழையிலும் பெரும்பாலும் பிழைக்காது. ஒரு வாவியோரத்துக் குறையை வேறொரு நாட்டு நீர்ப்பறவை தீர்த்துவைத்தது என்று சொல்லலாம்.

அடுத்தது குழல். உள்ளே வழவழவென்றிருக்கும் குழல் ஒரு வகை. திருகு புரி வெட்டப்பட்ட றைபிள் குழல் மற்றொரு வகை. வழவழப்பான குழலிற் செல்லும் உருண்டைக் குண்டு இங்கும் அங்குமாக உராய்ந்து, எந்தப் பக்கம் சுழல்கிறதென்று தெரியாமலே வெளியேறும். ஐம்பது யாருக்கு அப்பால் அதனை நம்புதல் அரிது. புரிக்குழலோ குண்டைத் தன் அச்சிலே சுழற்றிவிடுகிறது; குண்டு நேரே செல்கிறது. அவ்வாறாயின் உழவன் ஏன் புரிக்குழலை நாடவில்லை? விலை ஒரு காரணம். மற்றொன்று, வழவழப்பான குழலில் இன்று பன்றிக்கு ஒற்றைக் குண்டும், நாளைக் காட்டுக்கோழிக்குச் சிறு சன்னங்களும் இடலாம். பரணிலிருந்து இரவிற் காணக்கூடிய தூரம் முப்பது யாருக்கு மேற்படாது. அவனுடைய தெரிவு அறியாமையால் வந்ததன்று, கணக்கினால் வந்தது.

குழலின் பருமனைக் குறிக்கும் முறையும் வேடிக்கையானது. ஓர் இறாத்தல் ஈயத்திலிருந்து அக்குழலுக்குப் பொருந்தும் குண்டுகள் எத்தனை வார்க்கலாமோ அதுவே அதன் இலக்கம். 16ஆம் இலக்கத்துக் குண்டு ஓர் அவுன்சு நிறை. 12ஆம் இலக்கத்துக் குண்டு அதனிலும் பெரிது. இலக்கம் குறையக் குழல் பருக்கும்.

இனி அளவுக்கு வருவோம். தோட்டாத் துவக்கை வாங்குகிறவன் அளவையும் சேர்த்தே வாங்கிவிடுகிறான். தொழிற்சாலையில் யாரோ நிறுத்து அடைத்துவைத்தது அது. இடியனை வாங்குகிறவனோ இரும்பையும் மரத்தையும் மட்டுமே வாங்குகிறான். அளவை அவன்தான் தேடிக் காணவேண்டும். ஒரே கொல்லன் ஒரே கிழமையில் அடித்த இரண்டு குழல்களும் ஒரே அளவை ஏற்பதில்லை. பொதுவிதிகள் சில உண்டு. குண்டை உள்ளங்கையில் வைத்து, அது மறையும்வரை மருந்தைக் கொட்டினால் அதுவே தொடக்க அளவு என்பது பல நாடுகளிலும் வழங்கிய பழைய விதி. சன்னம் இடுவதாயின், சன்னத்தை அளக்கும் சிமிழாலேயே மருந்தையும் அளக்கலாம் என்பது மற்றொன்று. 12ஆம் இலக்கத் துவக்குக்கு ஏறக்குறைய மூன்று திராம் மருந்தும், ஓர் அவுன்சுக்குச் சற்று மேற்பட்ட சன்னமும் நடுத்தரமான அளவு. திராம் பதினாறு கொண்டது ஓர் அவுன்சு.

ஆனால் இவை தொடக்கமே. பின்னர்ப் பலகையொன்றை நாட்டி, துவக்கை மூட்டைமேற் சாய்த்து, ஒரே அளவில் மூன்று முறை சுடவேண்டும். மூன்று துளைகளும் எங்கே விழுந்தன என்பதைவிட, ஒன்றுக்கொன்று எவ்வளவு அணுக்கமாக விழுந்தன என்பதே முக்கியம். துளைகள் ஒருங்கே இடப்பக்கம் விழுந்தால் குறிபார்ப்பதைத் திருத்திக்கொள்ளலாம்; சிதறி விழுந்தால் குற்றம் அளவில் இருக்கிறது. மருந்தைச் சிறிது கூட்டி மறுபடியும் மூன்று. இவ்வாறு கூட்டிச் செல்லும்போது ஓரிடத்திலே துளைகள் நெருங்கிவரும். அதனைக் கடந்தால் மீண்டும் சிதறும். அந்த நெருக்கம்தான் அத்துவக்கின் சொந்த அளவு. இதில் ஒரு நியதி உண்டு: மருந்தை மாற்றும்போது குண்டை மாற்றலாகாது, குண்டைச் சுற்றும் துணியை மாற்றும்போது மருந்தை மாற்றலாகாது. இரண்டை ஒருங்கே மாற்றியவன் எதனாற் பயன் விளைந்தது என்பதை அறியமாட்டான்.

அளவுக்கு மிஞ்சிய மருந்து வலிமையாகும் என்று நினைப்பது இளைஞர் இயல்பு. குறுகிய குழலில் மிகையாக இட்ட மருந்து முழுவதும் உள்ளே எரிவதில்லை. எஞ்சியது வாயில் வெளியேறி, நிலத்தில் விரித்த வெள்ளைத் துணியிற் கரும்புள்ளியாக விழும். தோளுக்கு உதை, குறிக்கு நட்டம். இடித்தலும் அளவின் ஒரு பகுதியே. ஒருமுறை மென்மையாகவும் மறுமுறை வன்மையாகவும் இடித்தால், ஒரே மருந்து இரு வேறு மருந்தாகிவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டாலோ குழலே பிளந்துவிடக்கூடும். கம்பியில் ஒரு கீறல் இட்டு, குண்டு அடிவரை இறங்கிற்றா என்று பார்த்துக்கொள்வது ஆகவே அவசியமாகும். சுட்டபின் குழலில் தங்கும் கரியும் உப்பும் ஈரத்தை இழுப்பவை. வாவிக் காற்றில் ஓரிரவு விட்டாற் போதும், துருவேறும். வெந்நீரிற் கழுவி எண்ணெய் இடாத துவக்கு அடுத்த மாரியில் வேறொரு துவக்காகிவிடும். அதன் அளவையும் புதிதாகத் தேடவேண்டும்.

பன்றிக்கு இது போதும். யானைக்கு? இக்கேள்வியை எடுத்துக்கொண்டு பெருஞ்செலவு செய்தவர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். 1840களின் பிற்பாதியில் இலங்கைக்கு வந்து 1855 வரை இங்கிருந்த இவர், பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட காட்டுப் புல்வெளிகளிலும் வேட்டையாடினார். அக்காலத்தில் இங்கு வந்த வேட்டைக்காரரிடமும் வழவழப்பான குழல்களே பரவலாக இருந்தன. பேக்கர் பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் செய்வித்த றைபிள் 21 இறாத்தல் நிறை. குழல் 36 அங்குலம். அதற்கு அவர் இட்ட மருந்து 16 திராம், அதாவது முழுதாக ஓர் அவுன்சு. நமது உழவனின் அளவைப்போல ஐந்து மடங்குக்கு மேல்! இவ்வளவு மருந்து தள்ளும்போது சாதாரணக் குண்டு புரிகளைப் பற்றாமல் வழுக்கிவிடும். அதனால் இரண்டே புரிகளை ஆழமாக வெட்டுவித்து, அவற்றிற் பொருந்தும் கச்சையொன்று குண்டைச் சுற்றி இருக்குமாறு வார்ப்பித்தார். அளவை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்பத் துவக்கைச் செய்வித்த மனிதர் அவர். 1854 இலும் 1855 இலும் வெளிவந்த அவருடைய இலங்கை நூல்களிற் பெருமிதம் மிகுதி. கொன்ற கணக்கைப் படிக்கும்போது நமக்குச் சலிப்பும் வருத்தமும் உண்டாகும். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். யானையின் மூளை சிறியது. தேன்கூடு போன்ற பேரெலும்பின் உள்ளே மறைந்திருப்பது. அங்கே சென்று சேராத குண்டு யானையைக் கொல்வதில்லை. வெறியூட்டி அனுப்பிவிடுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மற்றவர்கள் அறிந்திருந்தார்களா? குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட நூலிலே, 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டன என்றும், அவற்றுக்கு அரசு தலைக்குச் சில சிலிங்கு சன்மானம் கொடுத்தது என்றும் எழுதுகிறார். பதுளையில் அதிகாரியாக இருந்து, 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸ் ஒருவரே 1,400 யானைகளுக்கு மேற் கொன்றவர் என்பர். செத்தவற்றுக்குத்தான் கணக்கு. எளிய துவக்கால் எளிய அளவிற் சுடப்பட்டு, ஈயத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் மீண்டவற்றை எவரும் எண்ணவில்லை. அவ்வாறு மீண்ட யானையே பின்னர்த் தனியனாகி வழிமறித்தது. அதன் எதிர்ப்பட்டவர் சுட்டவராக இருக்கவேண்டியதில்லை.

இதே மட்டக்களப்பு மண்ணில் ஏறாவூர்ப் பணிக்கர்மார் வாழ்ந்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். சோனகராகிய இவர்கள் தோற்கயிறு ஒன்றையே கருவியாகக் கொண்டு, யானையின் பின்னே ஓசையின்றி ஊர்ந்து, காலிற் சுருக்கிட்டு மரத்திற் பிணித்தவர்கள். தெனன்றும் இத்தொழிலாளரை வியந்து எழுதினார். ஓர் அவுன்சு மருந்தை இவர்கள் ஒருபோதும் தேடவில்லை.

பின்னர்ச் சட்டங்கள் வந்தன. யானைகளையும் எருமைகளையும் கண்டபடி கொல்வதைத் தடுக்க 1891 இல் ஒரு சட்டம். துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டுமென 1916 இன் சுடுகலன் சட்டம். காட்டுயிர்க்கும் தாவரத்துக்கும் பாதுகாப்பளிக்க 1937 இல் மற்றொன்று. கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியபோது, அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதிக் காடு வயலாயிற்று. வயல் யானையின் வழிக்கே சென்று சேர்ந்தது.

இடியனின் வரலாற்றில் இன்னும் ஓர் உருவம் எஞ்சியுள்ளது. அதனைக் கட்டுத்துவக்கு என்பர். துவக்கை மரத்திலோ முளையிலோ கட்டி, விலங்கு நடக்கும் ஒற்றையடிப் பாதையின் குறுக்கே கம்பி இழுத்துவிட்டு, கட்டியவன் வீட்டிற்குப் போய்விடுவான். கம்பியை இடறியவரை அது சுடும். சட்டம் தடுத்தும் இவ்வழக்கம் நாட்டின் பல பாகங்களில் ஒழிந்தபாடில்லை. விறகுக்குச் சென்றவரும் தேனுக்குச் சென்றவரும் காலிழந்ததுண்டு. 2023 ஆம் ஆண்டில் இலங்கையில் இறந்த யானைகளின் தொகை நானூற்றைக் கடந்தது. துவக்குச் சூடு அதன் காரணங்களுள் ஒன்று. கட்டுத்துவக்கின் குழல் பன்றியின் நெஞ்சுயரத்துக்குக் கணித்துக் கட்டப்படுவது. யானைக்கு அது முழங்காலிலும் தாழ்ந்த உயரம். காட்டுயிர் மருத்துவர்கள் நொண்டி நிற்கும் யானையை மயக்கிப் படுக்கவைத்து, சீழ்கோத்த காலைக் கீறும்போது ஈயம் அகப்படுகிறது. பன்றிக்கு அது சரியான அளவுதான்.