கழற்ற ஒன்றுமில்லாத கண்ணாடி

சென்ற கோடையில் நமது குளிர்கண்ணாடியின் காதில் மாட்டும் தண்டு முறிந்தது. பழுது பார்ப்பவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் கழற்ற ஒன்றுமே இல்லை, ஐயா” என்றார். அச்சொல்லுக்குள் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது.

ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் மரத்திலோ வால்ரஸ் தந்தத்திலோ மெல்லிய பிளவு கீறிக் கண்ணில் கட்டிக்கொண்டு பனியின் கூசொளியைத் தடுத்தனர். வில்லையே இல்லாததால் அதில் கீறல் விழ வழியில்லை; கயிறு அறுந்தால் வேறொன்று கட்டினால் தீர்ந்தது.

1929இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் சாம் ஃபாஸ்டர் மலிவான செல்லுலாய்டு குளிர்கண்ணாடிகளை விற்றார். எளியோர்க்கும் நிழல் கிட்டியது; எறிந்துவிட்டு வேறு வாங்கும் பழக்கத்திற்கும் வழி திறந்தது.

1937இல் பாஷ் அண்ட் லாம் நிறுவனத்தின் ரே-பான் ஏவியேட்டர் விற்பனைக்கு வந்தது. விமானிகளை எண்ணி உருவான அதில் உலோகச் சட்டம், கண்ணாடி வில்லை, கீல்களில் திருகாணி. கழன்றால் முடுக்கலாம்; மூக்குத்தாங்கி தேய்ந்தால் மாற்றலாம்.

ஆகவே வாங்குமுன் புற ஊதாக் கதிர்த் தடுப்பை உறுதிசெய்துகொண்டு, அடுத்து கீலை நோக்குவோம். திருகாணி இருக்கிறதா, வில்லை தனியே கிடைக்குமா என்று கேட்போம். பல்லாண்டு உழைப்பது உடையாத பொருளன்று. உடைந்தபின் சீராகும் பொருளே.