‘ஹோபின் ஜாங் ஹோபின்’: நெகிரி செம்பிலான் காற்பந்து அணியும் தோட்டத்துத் திடல்களும்

சிரம்பானை அடுத்த பாரோய், துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கத்தைத் தாயகமாகக் கொண்டு விளையாடும் நெகிரி செம்பிலான் காற்பந்து அணியின் தோற்றம் 1923ஆம் ஆண்டு. நூறாண்டைக் கடந்துவிட்ட இந்த அணிக்குச் சிலாங்கூரைப் போலக் குவிந்து கிடக்கும் கிண்ணங்கள் இல்லை. ஜொகூரைப் போலப் பண பலமும் இல்லை. மூன்று மலேசியக் கிண்ணம், இரண்டு எஃப்ஏ கிண்ணம், ஒரு சூப்பர் லீக் பட்டம். முக்கியமான வெற்றிகள் இவ்வளவுதான். ஆனாலும் சுவா, சிலியாவ், லிங்கி, ரந்தாவ் வட்டாரங்களில் ‘நம்ம அணி’ என்றால் அது இந்த அணிதான்.

61 ஆண்டுக் காத்திருப்பு

நாட்டின் மிகப் பழைய காற்பந்துப் போட்டி 1921இல் தொடங்கியது. எச்எம்எஸ் மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணம் என்பதால் அது மலாயா கிண்ணம் எனப்பட்டது. 1967 முதல் அதன் பெயர் மலேசியக் கிண்ணம். நெகிரி செம்பிலான் அதை முதன்முதலாக வென்றது 1948இல். அடுத்த வெற்றிக்கு 61 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2000இல் இறுதியாட்டத்தில் பேராவிடம் தோல்வி, 2006இல் பெர்லிசிடம் தோல்வி. 2009இல்தான் கிளந்தானை 3-1 என வீழ்த்திக் கிண்ணம் சிரம்பான் திரும்பியது.

அடுத்த ஆண்டே இறுதியாட்டத்தில் அதே கிளந்தான் 2-1 எனப் பழிதீர்த்துக்கொண்டது. 2011இல் தொடர்ந்து மூன்றாவது முறையாக இறுதியாட்டம், எதிரணி திரெங்கானு. ஒரு கோல் பின்தங்கி, ஆட்டம் முடிய ஏறக்குறைய பத்து நிமிடமே இருந்தபோது எஸ். குணாளன் சமன் செய்தார். சில நிமிடங்களில் ஹைருடின் ஓமார் வெற்றிக் கோலைப் போட்டார். தோட்டப்புற ரசிகர்கள் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குணாளன் பெயர் வராமல் இருக்காது.

இவை தவிர, 2003லும் 2010லும் எஃப்ஏ கிண்ணம், 2005-06 பருவத்தில் சூப்பர் லீக் பட்டம் ஆகியவையும் அணியின் கணக்கில் உண்டு.

முழக்கமும் நிறமும்

அணியின் அடையாள முழக்கம் ‘ஹோபின் ஜாங் ஹோபின்’. இது நெகிரி செம்பிலானுக்கே உரிய மலாய் வட்டார வழக்கு. ‘ஹோபின்’ என்றால் அடி, விளாசு. ‘ஜாங்’ என்பது இளைஞனைச் செல்லமாக அழைக்கும் சொல். தமிழில் சொன்னால், ‘அடி தம்பி, அடி!’ அரங்கத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இதே வழக்கில்தான் கத்துவார்கள். மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய அணியின் நிறங்கள் மாநிலக் கொடியிலிருந்து வந்தவை.

திடல் இருந்த காலம்

தோட்டத்துத் தமிழர்களுக்குக் காற்பந்து பிடித்துப்போனதற்கு வேலை நேரமும் ஒரு காரணம். விடியுமுன் பால்வெட்டப் போனவர்கள் பிற்பகலுக்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள். வெயில் தாழ்ந்ததும் திடல் அவர்களுக்குத்தான். லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு திடல், மூங்கிலோ குழாயோ நட்ட கோல் கம்பம், ஒரே ஒரு பந்து. கிராணியின் மகனும் பால்வெட்டுத் தொழிலாளியின் மகனும் அங்கே ஒரே அணி. திருவிழா, தீபாவளி நாட்களில் தோட்டத்துக்குத் தோட்டம் எழுவர் காற்பந்துப் போட்டி நடக்கும். சுழற்கிண்ணம் ஓராண்டுக்கு வென்ற தோட்டத்தில் இருக்கும்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது இந்தச் சங்கிலி அறுந்தது. செம்பனைக்குக் குறைவான ஆட்களே போதும். அந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறின. குடும்பங்கள் சிரம்பான், நீலாய், கிள்ளான் எனப் பிரிந்து போயின. மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடியேறியவர்களுக்கு வீடு கிடைத்தது, திடல் கிடைக்கவில்லை.

சமூகத்தின் அணி

இந்திய இளைஞர்களுக்கென ஓர் அணி வேண்டும் என்ற முயற்சியும் நடந்தது. மலேசிய இந்தியக் காற்பந்து சங்கத்தின் ‘மிஃபா’ அணி 2017இல் பிரிமியர் லீக்கில் கால் வைத்தது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் நுழைந்தது. நான்கு பருவங்கள் மட்டுமே. 2022ஆம் ஆண்டு முடிவில் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. மேலே ஏறிய வேகத்திலேயே அணி இல்லாமல் போனது பல இளம் ஆட்டக்காரர்களுக்குப் பெரிய இடி.

நெகிரி செம்பிலானுக்கும் சறுக்கல்கள் உண்டு. 2013இல் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. 2018இல் திரும்பி வந்து, அதே பருவத்தில் மீண்டும் இறங்கியது. ஆனால் ஒரு மாநிலத்தின் பெயரைச் சுமக்கும் அணி என்பதால் தோல்வியிலும் அதற்கு ஆட்கள் இருந்தார்கள். 2021இல் கே. தேவன் பயிற்சியில் பிரிமியர் லீக் பட்டத்தை வென்று மேலே வந்தது. மறு ஆண்டு சூப்பர் லீக்கில் நான்காம் இடம். களத்தில் குணாளன், பயிற்சியாளர் இடத்தில் தேவன்: அணியின் இரண்டு முக்கியக் கட்டங்களில் தமிழர் பெயர் இருக்கிறது.

அடுத்த பெயர் எங்கிருந்து வரும் என்பதுதான் இப்போதைய கேள்வி. பாரோய் அரங்கத்தின் கதவு மூடியில்லை. அதுவரை போய்ச் சேரும் பாதையின் முதல் படி எப்போதும் வீட்டுக்குப் பக்கத்துத் திடலாகவே இருந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளித் திடல்களும், எஞ்சியிருக்கும் தோட்டத்துத் திடல்களும், ஆண்டுக்கொருமுறை நடக்கும் எழுவர் போட்டிகளும் நீடித்தால்தான் ‘அடி தம்பி’ என்று கத்தும்போது அந்தத் தம்பி நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருப்பான்.