உரிமையும் வாய்ப்பும்: ஆஸ்திரேலிய முன்னாள் படைவீரர்களுக்கான இணைநிலை மருத்துவச் சேவைகளும் அரசு நிதியும்

முன்னுரை

போரில் காயமுற்ற வீரரின் உயிரை அறுவைச் சிகிச்சை காக்கிறது. அவரை மீண்டும் நடக்கவும் உழைக்கவும் வைப்பவை இயன்முறை மருத்துவம், பாத மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை, செயற்கை உறுப்புப் பொருத்தம் போன்ற இணைநிலைச் சேவைகளாகும். ஆஸ்திரேலியக் கூட்டரசு இவற்றிற்கு நிதியளிக்கும் முறையில் ஒரு நூற்றாண்டில் நேர்ந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சேவையைத் தானே நடத்திய அரசு, அதனைப் பிறரிடம் விலைக்கு வாங்கும் அரசாக மாறியது. அம்மாற்றத்தினூடே படைவீரரின் உரிமை விரிந்தது. அதனைப் பயன்படுத்தும் வாய்ப்போ கட்டண விகிதத்தைச் சார்ந்ததாயிற்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

அரசே நடத்திய காலம்

முதல் உலகப்போரில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர் படையில் சேர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். திரும்பி வந்தோரின் மறுவாழ்வுக்கென 1917இல் சட்டம் இயற்றப்பட்டது. 1918 ஏப்ரலில் அதற்கெனத் தனித்துறை செயல்படத் தொடங்கியது. 1921இல் இராணுவ மருத்துவமனைகள் அத்துறையின் பொறுப்பிற்கு வந்தன. செயற்கைக் கை, கால்களை உருவாக்கும் தொழிற்சாலைகளையும் அரசே நடத்தியது. இன்றைய இயன்முறை மருத்துவர்களின் முன்னோடிகள் அன்று ‘மசாஜ்’ பணியாளர்கள் என்றே அறியப்பட்டனர். 1906இல் தோன்றிய அவர்களது சங்கம் 1939இல்தான் இயன்முறை மருத்துவத்தின் பெயரை ஏற்றது. போர்ப்பணியால் நேர்ந்ததாக ஏற்கப்பட்ட குறைபாடே அக்காலத்தில் சிகிச்சைக்கான முதன்மைத் தகுதியாக இருந்தது. உரிமையின் எல்லை குறுகியதாயினும், சேவை அரசின் கையிலேயே இருந்தது.

விலைக்கு வாங்கும் அரசு

1990களில் இம்மருத்துவமனைகள் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டன; சில தனியாருக்கு விற்கப்பட்டன. இதே காலத்தில் உரிமை விரிவடைந்தது. ஏற்கப்பட்ட குறைபாடுகளுக்கு வெள்ளை அட்டையும், அனைத்து நோய்களுக்குமான சிகிச்சைக்குத் தங்க அட்டையும் வழங்கப்பட்டன. 1999 சனவரி முதல், போர்க்களத் தகுதிப்பணி ஆற்றி 70 வயதை எட்டிய இரண்டாம் உலகப்போர் வீரர்களும் தங்க அட்டை பெற்றனர்.

இணைநிலைச் சேவைகளைப் பெரிதும் தனியார் மருத்துவ நிலையங்களே இன்று வழங்குகின்றன. துறை தனது கட்டணப் பட்டியலின்படி அவற்றிற்குப் பணம் செலுத்துகிறது. அத்தொகையையே முழுக் கட்டணமாக ஏற்க வேண்டும். நோயாளியிடம் கூடுதலாகப் பெறக்கூடாது. இவ்விதி வீரரைச் செலவிலிருந்து காக்கிறது. எனினும், பட்டியல் தொகை சந்தை விலையினும் தாழும்போது அட்டையாளரை ஏற்க நிலையங்கள் தயங்குகின்றன. வீரர் பணம் இழப்பதில்லை, சிகிச்சையை இழக்கிறார்.

அண்மைக்கால மாற்றங்கள்

2019 அக்டோபர் 1 முதல், பொதுமருத்துவரின் ஒரு பரிந்துரை 12 அமர்வுகளுக்கு அல்லது ஓராண்டிற்கு, இவற்றுள் எது முந்தி முடிகிறதோ அதுவரை, செல்லும் என வரையறுக்கப்பட்டது. தேவைப்படின் மறுபரிந்துரை பெறலாம். முழுமையான, நிரந்தர இயலாமை உடைய தங்க அட்டையாளருக்கு இயன்முறை மருத்துவத்திலும் உடற்பயிற்சிச் சிகிச்சையிலும் விலக்கு உண்டு. மருத்துவர்களிடையே தொடர்பை வலுப்படுத்துவது இதன் நோக்கம். ஆயினும் நாட்பட்ட வலியுடையோர்க்கு ஒவ்வொரு சுற்றின் முடிவும் மேலும் ஒரு பொதுமருத்துவச் சந்திப்பைக் கட்டாயமாக்குகிறது. பாதுகாப்புப் படையினர், முன்னாள் வீரர்கள் ஆகியோரின் தற்கொலைகளை ஆராய்ந்த அரச ஆணையம் 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கையை அளித்தது. கட்டண உயர்வும் அதன் பரிந்துரைகளுள் இடம்பெற்றது.

முடிவுரை

1918இன் அரசு சிலருக்கே கடமைப்பட்டது. அக்கடமையைத் தானே நிறைவேற்றியது. இன்றைய அரசு பலருக்கு உரிமை வழங்குகிறது. அதனை நிறைவேற்றும் பொறுப்பைக் கட்டணப் பட்டியலிடம் விட்டுள்ளது. எனவே, படைவீரர் நலநிதியை மதிப்பிடும் ஆய்வுகள் வழங்கப்பட்ட அட்டைகளின் எண்ணிக்கையோடு அமையாமல், அவற்றைக்கொண்டு பெறப்பட்ட சிகிச்சை அமர்வுகளையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.